தலைக்கு ஊத்திரலாமுங்களா?

"கிட்ட வராத! ஒருத்தரும் கிட்ட வரக் கூடாது! எனக்கு இன்னும் நேரம் வரலைடி!"

சனிக்கிழமை காலை, மணி பத்து இருக்கும். வார்டை ஒட்டிய சின்ன அறையில் நான் நர்ஸுகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் இல்லாமலும் ஓடினேன்.

வீரணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். பேரையூர்ப் பக்கத்து விவசாயி, அறுபது தாண்டியவர். முதுகெலும்பு வரைக்கும் கட்டி பரவி, மூன்று வாரமாக இரண்டு பேர் தாங்காமல் ஒரு அடி வைக்க முடியாத மனிதர். அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தானாக நின்று, கையில் ஒரு தம்ளரை எறிவதற்கு ஓங்கிப் பிடித்திருந்தார். முதுகெலும்பு ஒடிந்துவிடுமோ என்று பயந்தேன்.

எதிரே எங்கள் நர்ஸ் சாந்தாமணி. கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெண். கையில் நல்லெண்ணெய்க் கிண்ணம். பக்கத்து மேசையில் வாய் சீவிய இளநீர் ஒன்று.

"நான் ஒண்ணுமே பண்ணலைங்க சிஸ்டர். ஏனுங்க ஐயா, இன்னைக்குத் தலைக்கு ஊத்திரலாமுங்களான்னுதான் கேட்டனுங்க" என்றாள்.

வார்டு முழுவதும் எங்களையே பார்த்தது. ஒரு அம்மாள் தன் புருஷன் படுத்திருந்த கட்டிலுக்கு முன்னால் வந்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தலையில் எண்ணெய் வைக்கிறேன் என்றதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று எரிச்சல்தான் வந்தது. என் சுபாவம் அப்படி. எனக்குக் கோபம் முதல் பஸ்ஸில் வரும், புத்தி அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

எண்ணெய் கிளாஸ்

இதெல்லாம் என்ன கூத்து என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் என்னோடு சண்டைக்கு வரத் தெம்போடு இருக்கிறார்கள். நான் நர்ஸுகளுக்குப் பாடம் எடுக்கும் சிஸ்டர். புற்றுநோய் வார்டும் என் பொறுப்பில் இருந்தது. அதற்குச் சனங்கள் வைத்த பெயர் கட்டி வார்டு. கேன்சர் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள், நாங்களும்தான்.

வலிக்கு வீரியமான மருந்து எப்போதும் குறைவு. அது வந்து சேருவதற்குள் வலி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். இடைப்பட்ட நேரத்துக்கு எங்களிடம் இருந்தது ஒரே மருந்து. "பொறுத்துக்கங்க." இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே என் வாய் மீது வெறுப்பு வந்துவிட்டது.

நான் படித்த காலத்தில் எங்கள் டியூட்டர் அம்மா ஒன்றை மந்திரம் மாதிரி சொல்வார். காரணம் இல்லாமல் நோயாளியைத் தொடாதே. நாடி பார்க்கத் தொடு, ஊசி போடத் தொடு, கட்டு மாற்றத் தொடு. மற்ற நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நில். இருபது வருஷம் அப்படித்தான் நின்றேன். நல்ல நர்ஸ் என்ற பெயரும் வாங்கினேன்.

ஒரு நாள் ஒரு அம்மாளுக்கு ரத்த அழுத்தம் பார்த்து முடித்துப் பட்டையைக் கழற்றினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை பாருங்க சிஸ்டர்" என்றார்.

"சரியாத்தான்மா இருக்கு. வேண்டியதில்ல."

"சரியாத்தான் இருக்கும்னு எனக்கும் தெரியும். சும்மா பாருங்க. யாரோ கையப் பிடிச்சாப்ல இருக்கு."

நான் இன்னொரு தடவை பார்க்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அதற்கு அடுத்த வாரம் அந்தக் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார். பட்டையை இன்னொரு தடவை சுற்றியிருந்தால் எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? இதை எழுதும்போதுகூட எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

பிறகு வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஒரு மாதப் பயிற்சிக்குப் போனேன். அங்கே நர்ஸுகள் மருந்து கொடுப்பதோடு நிற்காமல், நோயாளிகளின் கைகால்களை எண்ணெய் தொட்டு நீவிவிட்டார்கள். மூச்சை எண்ணி விடச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்த நாளிலிருந்து எங்கள் பெரிய டாக்டரைப் பிடித்து நச்சரிக்க ஆரம்பித்தேன்.

"நர்ஸ்களுக்கு ஊசி போடவே நேரம் போதலை. நீங்க வார்டுல எண்ணெய்க்கடை போடப் போறீங்களா சிஸ்டர்?" என்றார்.

"கடை போடலை டாக்டர். கிளாஸ் போடறேன்."

நல்ல மனிதர், ஆனால் பிடிவாதக்காரர். எனக்கு மட்டும் அது இல்லையா என்ன? கடைசியில் இரண்டு மாதம், ஐந்து நர்ஸுகள், டியூட்டி முடிந்த பிறகு ஒரு மணி நேரம் என்று இறங்கி வந்தார். கைவைத்தியம் என்று நான் நோட்டின் அட்டையில் அழகாக எழுதினேன். ஆஸ்பத்திரி முழுவதும் அதை எண்ணெய் கிளாஸ் என்றுதான் சொன்னது.

மல்லிகை பட்ட பாடு

முதலில் கையைக் கழுவி, உரசிச் சூடாக்க வேண்டும். வளையல், மோதிரம் கழற்ற வேண்டும். கட்டி இருக்கும் இடம், வீங்கிய கால், கரண்டு வைத்த இடம் இவற்றைத் தொடவே கூடாது. கரண்டு வைப்பது என்றால் கதிர்வீச்சு சிகிச்சை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் அதற்கு வேறு பெயர் கிடையாது.

நோயாளியிடம் ஆரம்பத்திலேயே ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். "இது கட்டியக் கரைக்காது. கொஞ்சம் வலி மறக்கும், கொஞ்சம் தூக்கம் வரும், அம்புட்டுத்தான்." இதைச் சொல்லாமல் எண்ணெயைத் தொட்டால் கிளாஸை விட்டு வெளியே போ என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பொய் நம்பிக்கை விற்கிறவர்கள் ஊரில் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள்.

வாசனைக்கும் ஒரு பாடம் உண்டு. நல்ல வாசனை மனசை லேசாக்கும் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தேன். மதுரையில் வாசனைக்கு என்ன பஞ்சம் என்று இருபது முழம் மல்லிகையை வாங்கிப்போய்க் கட்டில் கம்பிகளில் சுற்றினோம். அரை மணியில் நாலு பேர் வாந்தி எடுத்தார்கள். "யாரு செத்தா, பூவாப் போட்டிருக்கீங்க?" என்று ஐந்தாவது ஆள் கேட்டார். பூவை அள்ளிக்கொண்டு ஓடினோம். எலுமிச்சம்பழத்தோல் ஒத்துக்கொண்டது. மரிக்கொழுந்து பாதிப் பேருக்கு ஒத்துக்கொண்டது.

ஐந்து பேரில் சாந்தாமணிதான் கெட்டிக்காரி. அவள் கை பட்டால் என் முழங்கால் வலியே இரண்டு நாள் எட்டிப் பார்க்காது. எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். தெருநாயைக்கூட "போங்க" என்பாள் என்று மற்ற நர்ஸுகள் கேலி செய்வார்கள்.

இதில் தப்பு ஒன்று நடந்திருந்தது. அதைச் செய்தவள் நான். நர்ஸிங்கில் எதையும் தலையில் தொடங்கிப் பாதத்தில் முடிப்பதுதான் வழக்கம். அதே வரிசையில் பாடத்தையும் எழுதிவிட்டேன். ஒன்று, தலைக்கு எண்ணெய்.

பேச்சி கொடுத்த டோஸ்

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். வீரணனைச் சமாதானப்படுத்திக் கட்டிலில் படுக்க வைத்தது எங்கள் வார்டு ஆயா பேச்சிதான். டி. கல்லுப்பட்டிக்காரி, வயது முப்பத்தைந்து இருக்கும், வாய்க்குப் பூட்டு கிடையாது. அவரைப் படுக்க வைத்த கையோடு என்னைத் துணி அடுக்கும் அறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"சிஸ்டரம்மா, உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"ஏய் பேச்சி, மரியாதையாப் பேசு."

"மரியாத கெடக்கட்டும். எங்கூருப் பக்கம் தலைக்கு ஊத்துறதுன்னா என்னான்னு தெரியுமா தெரியாதா?"

"குளிப்பாட்டுறது."

"குளிப்பாட்டுறதுதான். திரும்ப எந்திரிக்காம இருக்கக் குளிப்பாட்டுறது."

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நாள்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும் வயசாளிக்குச் சில வீடுகளில் செய்வார்களாம். காலையில் தலை நிறைய எண்ணெயை வைத்து, குளிரக் குளிரத் தண்ணீர் ஊற்றி, குடிக்க இளநீர் கொடுப்பார்களாம். காய்ச்சல் கண்டு இரண்டு மூன்று நாளில் காரியம் முடிந்துவிடுமாம்.

"எல்லா ஊருலயும் இல்ல சிஸ்டரம்மா, எல்லா வீட்டுலயும் இல்ல. ஆனா எல்லாக் காதுலயும் இருக்கு. எண்ணெய், எளநி, காலங்காத்தால தலைக்கு ஊத்தவான்னு கேள்வி. எமனே வந்திருந்தாக்கூட இம்புட்டுப் பொருத்தமா வந்திருக்க மாட்டான். அதுலயும் அந்தப் புள்ள 'ங்க' போட்டுக் கேட்டுருக்கு!"

நான் மூட்டையாகக் கிடந்த துணி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கோச்சடையில் பிறந்து வளர்ந்தவள் நான். வாத்தியார் வீட்டுப் பெண். மதுரையைப் பற்றி எனக்குத் தெரியாதது உண்டா என்று பீற்றிக்கொள்கிற ஆள். பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போகிற ஊரில் ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் பாடப்புத்தகம் எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் பேச்சி. "அந்த மனுசன் உங்க புள்ளைக்குப் பயப்படல. மவன் சொல்லித்தான் நீங்க செய்றீகன்னு நினைக்கிறாரு."

வீரணனோடு துணைக்கு இருந்தவன் அவருடைய ஒரே மகன் தங்கப்பாண்டி. முந்தின நாள் மாலை, மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஊருக்குப் போயிருந்தான். போகும்போது சாந்தாமணியிடம், "அய்யா படுற பாட்டைப் பாக்க முடியல சிஸ்டரு. எதாச்சும் ஒரு வழி பண்ணுங்க" என்று சொல்லியிருக்கிறான். உடம்புச் சூட்டுக்குத் தலையில் எண்ணெய் வைக்கச் சொல்லி, இளநீரையும் வாங்கி வைத்துவிட்டுப் போனவன் அவன்தான்.

ஒரு வழி பண்ணுங்க. இது மட்டும் வீரணன் காதில் விழுந்திருக்கிறது.

புதன்கிழமை ரவுண்ட்ஸ்

விஷயம் மத்தியானத்துக்குள் பெரிய டாக்டரின் அறைக்குப் போய்விட்டது. வார்டிலிருந்து இரண்டு குடும்பங்கள் வீட்டுக்குப் போகிறோம் என்று மூட்டை கட்டிவிட்டன. வீரணன் மாத்திரை வேண்டாம் என்றார், கரண்டு வைக்க வரமாட்டேன் என்றார். பாலைக் காட்டியபோது, "அதுக்குள்ள பால் ஊத்த வந்துட்டீகளா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருந்து இல்லாமல் வலி ஏறிக்கொண்டே போனது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

"இந்த ஆஸ்பத்திரியில ஆளைக் கொல்றாங்கன்னு வெளியில பேச்சு வந்தா நான் என்ன பதில் சொல்றது சிஸ்டர்? அந்தப் பொண்ணை ஊருக்கு அனுப்புங்க. கிளாஸை மூடுங்க."

"தப்பு என்னுது டாக்டர். பாடம் எழுதினவ நான். அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க."

அவர் காலண்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் குரல் மட்டும் இறங்க மறுத்தது.

"புதன்கிழமை ரவுண்ட்ஸுக்கு வருவேன்" என்றார். "அந்தப் பெரியவரை நானே கேட்பேன். உங்க ஆளுங்க கை மேல பயமில்லைன்னு அவர் வாயால சொல்லணும். இல்லேன்னா கிளாஸ் கிடையாது. அந்தப் பொண்ணும் கிடையாது."

ஞாயிறு, திங்கள், செவ்வாய். எனக்கு இருந்தது மூன்று நாள்.

வலிக்கா?

ஞாயிறு மத்தியானம் தங்கப்பாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் ஒரு தூக்குவாளியோடு வந்தான். முப்பது வயது. மம்பட்டி பிடித்துக் காய்த்த கை. வீரணன் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்தபடியே கேட்டார்.

"எப்பய்யா வந்த? எல்லாம் ஆயிருச்சான்னு பாக்க வந்தியா?"

அவனுக்குப் புரியவில்லை. பேச்சி அவனைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். அவன் திரும்பி வந்தபோது எங்களை அடித்துவிடுவானோ என்று பயந்தேன். "எங்கய்யாவ என்னாடி சொன்னீக?" என்று சாந்தாமணியைப் பார்த்துக் கத்தினான். அவள் கையைக் கட்டிக்கொண்டு, "தப்புங்க அண்ணா, தெரியாம நடந்த தப்புங்க" என்று மட்டும் சொன்னாள்.

பிறகுதான் அவனுக்கு மற்றது உறைத்தது போலிருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அய்யா. நானாய்யா? நானா உங்களுக்கு அப்படிச் செய்யச் சொல்லுவேன்?"

"ஒரு வழி பண்ணுங்கன்னு சொன்னியே. எங்காதால கேட்டேன்ல."

"வலிக்குய்யா! வலிக்கு ஒரு வழி பண்ணச் சொன்னேன்!"

வீரணன் மெதுவாகத் திரும்பினார். "வலிக்கா?"

"வலிக்குத்தான்யா."

தங்கப்பாண்டி தோள் குலுங்கக் குலுங்க அழுதான். ஆம்பளைப் பிள்ளை இத்தனை பேர் முன்னால் அழலாமா என்று யாரும் சொல்லவில்லை. நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்? பிறகு பேச்சி பால் தம்ளரை அவன் கையில் கொடுத்தாள். அவன் பாதியைக் குடித்துவிட்டு மீதியை நீட்டினான். வீரணன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு குடித்தார். அதற்குப் பிறகு மாத்திரையும் விழுங்கினார்.

ஆனால் நர்ஸு யாரும் கிட்ட வரக் கூடாது என்பதில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை. மகன் மட்டும்தான்.

சொல்லக் கூடாத சொற்கள்

அன்று மாலை ஐந்து நர்ஸுகளையும் உட்கார வைத்துப் பழைய நோட்டைக் கிழித்துப் போட்டேன். கிளாஸ் எடுத்தது பேச்சி. ஸ்டூலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து சொன்னாள். நாங்கள் எழுதினோம்.

"ஒரு வழி பண்ணிருவோம்னு சொல்லக் கூடாது. முடிச்சிருவோம், கூடாது. சீக்கிரம் அனுப்பி வச்சிருவோம், கூடவே கூடாது."

"வீட்டுக்கு அனுப்பறதைத்தானுங்களே சொல்றோம்?" என்றாள் சாந்தாமணி.

"எந்த வீட்டுக்குன்னு படுத்துக் கெடக்குறவனுக்கு எப்படித்தா தெரியும்?"

எல்லோரும் சிரித்தோம். இரண்டு நாளில் முதல் சிரிப்பு அதுதான். வரிசையையும் மாற்றினோம். பாதத்தில் தொடங்க வேண்டும். அடுத்தது கை. தலை கடைசி, அதுவும் நோயாளியே கேட்டால் மட்டும். முதலில் எண்ணெய் தொடுவது வீட்டு ஆளின் கை. நர்ஸ் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் தங்கப்பாண்டியிடம் கேட்டேன். அவன் கூச்சத்தில் நெளிந்தான்.

"அய்யா காலத் தொட்டதே இல்ல சிஸ்டரு. கல்யாணத்தன்னைக்கு விழுந்து கும்பிட்டது, அம்புட்டுத்தான்."

"கும்பிட வேண்டாம். பிடிச்சு விடு."

எப்படிச் சொல்லிக்கொடுப்பது? சாந்தாமணி கட்டில் பக்கம் போகக் கூடாதே! நான்கு முழம் தள்ளி ஒரு ஸ்டூலைப் போட்டுப் பேச்சியை உட்காரச் சொன்னேன். "ஆத்தாடி, நர்ஸம்மா ஆயா காலப் பிடிக்கிறதா? எனக்குப் பாவம் பிடிக்கும்" என்று எழுந்து ஓடப் பார்த்தாள். அமுக்கி உட்கார வைத்தேன். சாந்தாமணி தரையில் சம்மணம் போட்டு, பேச்சியின் வெடித்த பாதத்தை மடியில் வைத்து, குதிகாலிலிருந்து விரலுக்கு மெதுவாக நீவினாள். அங்கே கட்டிலில் தங்கப்பாண்டி அதைப் பார்த்துப் பார்த்து அப்பா காலில் செய்தான்.

"அண்ணா, மெதுவாங்க. கட்டைவிரல்ல அழுத்தாதீங்க, உள்ளங்கையில பிடிங்க."

"டேய், காலுடா அது, வரப்பு இல்ல" என்றார் வீரணன்.

பேச்சி கொஞ்ச நேரம் கூச்சத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சு நின்றது. பார்த்தால் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தாள். பத்து வருஷமாக அந்த வார்டைப் பெருக்கித் துடைக்கிற கால்கள் அவை. அவற்றை ஒருத்தரும் அதற்கு முன் பிடித்துவிட்டதில்லை என்று பிற்பாடு சொன்னாள்.

வீரணன் இத்தனையையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தூங்கிப்போன பேச்சியைப் பார்த்தார். அவள் காலைப் பிடித்திருந்த பெண்ணைப் பார்த்தார். மூன்று மணி வாக்கில் அவரும் வாயைத் திறந்து குறட்டை விட ஆரம்பித்தார். வார்டுக்கு வந்ததிலிருந்து அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. தங்கப்பாண்டி காலை விடாமல், அசையாமல் உட்கார்ந்திருந்தான். செவ்வாய்க்கிழமையும் அப்படியே நடந்தது. கரண்டு வைக்கவும் மகனும் பேச்சியும் தாங்கிப் பிடிக்கப் போய் வந்தார்.

அவர் பிற்பாடு என்ன ஆனார் என்று கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். கரண்டு வைத்து முடித்து ஊருக்குப் போனார். சில மாதம் கழித்து, மகன் காலைப் பிடித்திருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். அவர் நேரம் வந்தது, போனார். யாரும் எதுவும் செய்யவில்லை.

புதன்கிழமை

பெரிய டாக்டர் பின்னால் ஏழெட்டுப் பேரோடு வார்டுக்குள் வந்தார். நான் வாசலில் நின்றேன். சாந்தாமணி கதவுக்குப் பின்னால் நின்றாள். முந்தின இரவே பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள் என்று மற்ற நர்ஸுகள் எனக்குச் சொல்லியிருந்தார்கள். வீரணன் காலைப் பிடிக்கவாவது ஒரு தடவை விடுவார் என்று நம்பியிருந்தோம். அவர் செவ்வாய் சாயந்திரம் வரைக்கும் எங்கள் யாரையும் பக்கத்தில் விடவில்லை.

டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "எப்படி இருக்கீங்க பெரியவரே?"

"இருக்கேன் சாமி."

"வலி?"

"இருக்கு. கொஞ்சம் தூங்குறேன்."

"இந்த எண்ணெய் தேய்க்கிறது... உங்களுக்குப் பயமா இருந்துச்சாமே. அதை நிறுத்திரலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?"

வீரணன் மகனைப் பார்த்தார். அப்புறம் வார்டு முழுவதும் கண்ணை ஓட்டினார்.

"அந்தக் கோபிப் புள்ள எங்க?" என்றார்.

யாரோ சாந்தாமணியை முன்னால் தள்ளினார்கள். அவள் வந்து தலையைக் குனிந்து நின்றாள்.

"ஏத்தா. எண்ணெய்க் கிண்ணத்த எடுத்துட்டு வா."

"காலுக்குங்களா ஐயா?"

"காலுக்குத்தான் எம் மவன் இருக்கானே. நீ தலைக்கு ஊத்துத்தா."

டாக்டர் என்னைப் பார்த்தார். சாந்தாமணி நகராமல் அப்படியே நின்றாள்.

"என்னத்தா முழிக்கிற? அன்னைக்கு நீதான கேட்ட?" என்றார் வீரணன். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். "நீங்களும் நில்லுங்க சாமி. எம் மவனும் நிக்கட்டும். தலைக்கு ஊத்துறதுன்னா நாலு பேரு இருந்துதான ஊத்தணும்!"

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். முதுகு வலிக்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்தது பேச்சி சிரித்தாள். அப்புறம் வார்டே சிரித்தது. அன்றைக்குக் கையை விரித்துப் புருஷனை மறைத்து நின்ற அம்மாள் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரிய டாக்டர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அடுத்த கிளாஸுக்கு எத்தனை பேர் வேணும் சிஸ்டர்?" என்று கேட்டார்.

"இருபது" என்றேன் சட்டென்று. பதினைந்து பேர்தான் கிடைத்தார்கள். அது இருக்கட்டும்.

சாந்தாமணி கையைக் கழுவி வந்தாள். வளையலைக் கழற்றினாள். இரண்டு உள்ளங்கைகளையும் உரசிச் சூடாக்கினாள். "ஐயா, இது கட்டியக் கரைக்காதுங்க" என்று ஆரம்பித்தாள். அழுகையில் மீதி வரவில்லை.

"தெரியும்த்தா, வையி" என்று வீரணன் கண்ணை மூடித் தலையைக் கொடுத்தார்.